வடசென்னையின் கால்பந்தும் ஊர்ப்பற்றும்

சென்னைத் துறைமுகத்தைக் கட்டும் வேலை 1870களில் தொடங்கியது. கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். நம் கரையோரத்தில் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும் இயல்புடையது. குறுக்கே சுவர் நின்றதும் மணல் தென்புறமே தங்கிவிட்டது. அவ்வாறு தங்கிய மணலால்தான் மெரினாக் கடற்கரை இத்துணை அகலம் பெற்றது. வடபுறத்திற்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆகவே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையில் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. வீடுகளைக் காப்பதற்குக் கருங்கற்களை வரிசையாக அடுக்க வேண்டியதாயிற்று. ஒரே சுவர் ஒரு பக்கத்துச் சிறுவர்களுக்கு விளையாட்டுத் திடலைக் கொடுத்தது. மறு பக்கத்துச் சிறுவர்களின் திடலை எடுத்துக்கொண்டது.

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வந்தவன் கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். ஓர் ஊர் ஆட்டத்தில் ஓங்குவதற்கும் மற்றோர் ஊர் தாழ்வதற்கும் ஆடுவோரின் திறமை ஒன்றே காரணம் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். ஆட்டக்காரன் பந்தைத் தொடுவதற்கு முன்பே பல செய்திகள் முடிவாகிவிடுகின்றன. வடசென்னையின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன் பின்னர்ப் பெரம்பூர்ப் பகுதியில் பஞ்சாலைகளும், திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையும், எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையும் எழுந்தன. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மீனவர் குப்பங்களுக்கு அருகிலேயே தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. கப்பலில் வந்தவர்களும் படைவீரர்களும் கொண்டுவந்த இரண்டு விளையாட்டுகளை இம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர். ஒன்று குத்துச்சண்டை, மற்றொன்று கால்பந்து. இரண்டுக்கும் செலவு குறைவு. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம் அல்லவா?

குத்துச்சண்டையில் ஊர்ப்பற்று பரம்பரைப் பற்றாக உருவெடுத்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்னும் பெயர்களை வடசென்னையில் இன்றும் மறந்தவர் இலர். ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று சுவரொட்டிகளில் அச்சிடுவார்கள். அந்த ரோசம் மேடையில் நிற்கும் இருவருடையது மட்டுமன்று, வாத்தியாருடையது, தெருவினுடையது. ஒரு பரம்பரையில் கற்றவன் மற்றொன்றுக்காகக் கையுறை அணிவதை எளிதில் பொறுக்கமாட்டார்கள். ஆயினும் இவ்விளையாட்டில் ஒரு வசதி உண்டு. இரு வீரரையும் தராசில் நிறுத்தி, எடை ஒத்தவரை மோதவிடலாம். கால்பந்தில் மோதுவன ஊர்கள். ஊர்களை நிறுக்கும் தராசு எங்கே இருக்கிறது?

வடசென்னைத் தெருக்களில் சிறு கழகங்கள் பல தோன்றின. தெருக் கழகத்தில் பதினாறு வயதில் பெயரெடுத்த பையனைத் தொழிற்சாலையோ இரயில்வேயோ வங்கியோ காவல் துறையோ அழைத்துக்கொள்ளும். விளையாட்டு வீரருக்கென ஒதுக்கிய இடத்தில் அவனுக்கு வேலை கிடைக்கும். நிறுவனத்தின் அணிக்கு ஒரு நல்ல ஆட்டக்காரன் கிடைப்பான். நிறுவன அணிகள் ஓங்க, தெருக் கழகங்கள் ஆண்டுதோறும் சிறந்த பிள்ளைகளை இழந்தன. இது சமமற்ற போட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பையனின் வீட்டிலிருந்து பார்த்தால் வேறு காட்சி தெரியும். மாதச் சம்பளம், ஓய்வூதியம், தங்கைக்குத் திருமணம், தாய்க்கு மருத்துவம் எல்லாம் அந்த ஒரு காலில் இருந்தன. அவன் தெருவை விட்டுப் போனான் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருவில் நிகழ்ந்தது மாநில அளவிலும் நிகழ்ந்தது. மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941-இல் தொடங்கிற்று. 2024 டிசம்பர் வரையில் வங்காளம் அதனை 33 முறை வென்றது. தமிழ்நாடு ஒரு முறையேனும் வென்றதில்லை. இப்போட்டியில் மாநிலங்களோடு இரயில்வே அணியும் படைத்துறையின் சர்வீசஸ் அணியும் கலந்துகொள்கின்றன. இவற்றுக்கு எல்லை இல்லை. நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுக்கலாம். 1960களில் இரயில்வே அணி மூன்று முறை கோப்பையைப் பெற்றது. 2012-இல் கட்டாக் நகரில் தமிழ்நாடு இறுதி ஆட்டம் வரை சென்று, சர்வீசஸ் அணியிடம் 3–2 என்ற கணக்கில் தோற்றது. ஒரு மாநிலம் ஒரு நாட்டின் படையோடு ஆடி ஒரே ஒரு கோலில் தோற்றதைத் தோல்வி என்று சொல்ல நாக் கூசுகிறது.

எல்லையை மிக இறுக்கமாக வகுத்துவிட்டால் சமநிலை வந்துவிடுமா? அயர்லாந்து நாட்டில் இதற்கு விடை உண்டு. அங்கே கையாலும் காலாலும் பந்தை ஆடும் கேலிக் கால்பந்து என்னும் ஆட்டம் இருக்கிறது. 1884-இல் தர்ல்ஸ் என்னும் ஊரில் நிறுவப்பட்ட சங்கம் அதனை நடத்துகிறது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை. பிறந்து வளர்ந்த மாவட்டத்திற்கே ஆடுவது மரபு. விலை கொடுத்து ஆளை வாங்க முடியாது. இவ்வளவு இருந்தும் 2015 முதல் 2020 வரை ஆறு ஆண்டும் டப்ளினே வென்றது. 2022 கணக்கின்படி டப்ளினில் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். லீட்ரிம் மாவட்டத்தில் 35 ஆயிரம் பேர். ஆள்தொகை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நடுத்தரமான கெர்ரி மாவட்டம் 2025 வரை 39 முறை வென்று முதலிடத்தில் நிற்கிறது. அங்கே ஆட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து.

லீட்ரிம் நாட்டுக் கோப்பையை ஒருநாளும் வென்றதில்லை. 1927-இல் தன் மாகாணக் கோப்பையை வென்றது; அடுத்த வெற்றி 1994-இல்தான் வந்தது. 1927 அணியில் ஆடிய முதியவர் டாம் கேனனும், புதிய அணியின் தலைவர் டெக்லன் டார்சியும் சேர்ந்து அக்கோப்பையைத் தூக்கினார்கள். அறுபத்தேழு ஆண்டு காத்திருந்த மக்களுக்கு அந்த ஒரு காட்சி போதுமானதாயிற்று. அடுத்து நடந்த அரையிறுதியில் அவர்கள் டப்ளினிடம் தோற்றார்கள். டார்சி பின்னர் டப்ளின் அணியிலேயே சேர்ந்து ஆடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் டப்ளினில் வளர்ந்தவர். லீட்ரிம் அவருடைய பெற்றோரின் ஊர்.

நம் நாட்டில் 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தது. அணிகள் முறை வைத்து இந்திய ஆட்டக்காரரைப் பங்கிட்டுக்கொண்டன. பின்னாளில் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு வந்தது. பலம் ஓரளவு சமமாயிற்று. ஆனால் அணியின் பெயரில் உள்ள ஊருக்கும் ஆடுகின்றவனின் ஊருக்கும் தொடர்பு இருக்கவேண்டிய கட்டாயம் போயிற்று.

2023 ஆகஸ்டு 12-ஆம் நாள் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணி மோகன் பகானை எதிர்த்து ஆடியது. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தோரின் கழகம். அது வென்றால் அவர்கள் வீட்டில் இலிசு மீன் சமைப்பார்கள் என்பது அங்கே வழக்கு. அந்த மீன் பலகாலம் கிட்டவில்லை. எட்டு முறை தொடர்ந்து தோற்றிருந்தார்கள். அன்று ஒரே ஒரு கோல் விழுந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றது. அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். வங்காளத்து ஏதிலியரின் நூறாண்டு நினைவைத் தாங்கிய கழகத்தின் மானத்தை ஒரு தமிழ் இளைஞரின் கால் காத்தது. அதனைப் பெருமை என்று கொள்வதா, நம் தெரு இழந்தது என்று கொள்வதா? நான் இரண்டையும் ஒருங்கே உணர்ந்தேன்.

சில வேளை ஊரும் ஆட்டக்காரனும் மறுபடி சேர்வதுண்டு. வியாசர்பாடியில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துத் தரும் முயற்சி 1997 முதல் நடந்துவருகிறது. அதே வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணியில் இடம் பெற்றார்; இந்திய அணிக்கும் ஆடினார். 2018 மார்ச்சு 13-ஆம் நாள் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், நேரு விளையாட்டரங்கில், கோவா அணியைச் சென்னை 3–0 என்று வென்றது. மூன்றில் ஒன்று கணேஷ் அடித்தது. நான்கு நாள் கழித்துச் சென்னை கோப்பையையும் வென்றது. அந்தக் கோல் விழுந்த அரங்கிலிருந்து வியாசர்பாடி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவு.