பத்து வயது வரை

க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறுகள் வெளியாகுந்தோறும் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளைப் பற்றி ஒரே தீர்ப்பே கூறப்படுகின்றது: பிள்ளைகளுக்கு நாட்டமில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை. ஆசிரியர் அறையிலே, நம்மவர் வாயிலிருந்தே இதனைக் கேட்கின்றோம். பெறுபேற்றுப் பட்டியலைப் புரட்டும் நாம் சட்டப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. பிள்ளை படித்தால் வேலைக்கு ஆள் குறையும் என்று எவர் அஞ்சினாரோ, அவர் கையிலேயே பள்ளிக்கூடமும்! பத்து வயதோடு ஏன் நிறுத்தினார்கள்? அவ்வயதுப் பிள்ளை மலையில் வேலைக்கு உதவும். பெண் பிள்ளையாயின் அதற்கு முன்பே லயத்தில் தம்பி தங்கையைச் சுமக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் விழுந்த பிறகு பாடசாலைப் பதிவேட்டில் அப்பெயருக்கு என்ன வேலை?

நாட்டமில்லை என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இச்சட்டம் வருவதற்கு முன்னரே, எழுத்தறிந்த தொழிலாளி ஒருவர் வேலை முடிந்த பின் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி கற்பித்த வழக்கம் தோட்டங்களில் இருந்தது. துரை கேட்டா அது நடந்தது?

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலையோ துரையின் பொறுப்பிலேயே கிடந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. எனவே 1960, 1961இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டதில் வியப்பில்லை. வாக்கில்லாதவனுக்காக வாதாடுபவர் யார்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கப்பலேற்றியது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அரசுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர், ஐந்து வகுப்புகள். 1980களில் சுவீடன் நாட்டு உதவியால் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாயினர். பிள்ளைகளின் சேர்வும் கூடியது. வாய்ப்பு வந்ததும் நாட்டமும் வந்துவிட்டது போலும்!

ஆயினும் இன்றும் பல தோட்டங்களில் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிகின்றது. ஆறாம் வகுப்புக்குப் பசறைக்கோ லுணுகலைக்கோ ஹப்புத்தளைக்கோ போக வேண்டும். அதாவது, 1907ஆம் ஆண்டின் பத்து வயது சட்டத்திலிருந்து நீங்கியும் கட்டடத்தில் நிற்கின்றது. பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அதன் வாசல் வரை செல்லும் ஏணியில் நடுப்படிகள் இல்லை.

சென்ற ஆண்டு என் ஆறாம் வகுப்பிலிருந்து நின்றுவிட்ட மாணவி ஒருத்தியின் தாயைக் கண்டு காரணம் கேட்டேன். “பஸ்சுக்குக் காசு பத்தல சேர். ரெண்டு பேருல ஒருத்தரத்தான் அனுப்ப முடியுது” என்றார். இவ்வாண்டு தம்பி வருகின்றான்.