அர்ச்சகர் கோர்ஸ் முடிச்சா கோயில்ல வேலை கிடைச்சிடுமா? விதிகள் சொல்வது என்ன?

2023 செப்டம்பரில், ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்த 3 பெண்கள் சான்றிதழ் வாங்கினார்கள். அடுத்து வேலைதானே? அங்கதான் சிக்கல்.

இது அரசு வேலையா?
இல்லை. ரங்கநாதர் கோயிலின் செயல் அலுவலர், இணை ஆணையர் நிலையில் உள்ள அறநிலையத்துறை அதிகாரி. ஆனால் அர்ச்சகர், மடப்பள்ளி ஊழியர், காவலர் எல்லோரும் கோயில் பணியாளர்கள். சம்பளம் கோயில் நிதியிலிருந்து.

என்ன விதி?
யாருக்கு என்ன வேலைன்னு பிரிப்பது இங்கே புதுசில்ல. ராமானுஜர் கைங்கரியங்களை ஒழுங்குபடுத்தியதை ‘கோயிலொழுகு’ சொல்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பவை, 1959 அறநிலையச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த பணி நிபந்தனை விதிகள். இதன்படி அர்ச்சகர் பணிக்குப் பயிற்சிச் சான்றிதழ் தேவை.

கோர்ட் என்ன சொன்னது?
2022 ஆகஸ்ட் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம், ‘விதிகள் செல்லும், ஆனால் ஆகமப்படி கட்டப்பட்ட கோயில்களில் அர்ச்சகர் நியமனம் ஆகமப்படிதான் நடக்க வேண்டும்’ என்று தீர்ப்பளித்தது. ஸ்ரீரங்கம் பாஞ்சராத்ர ஆகமக் கோயில்.

அப்போ என்ன செய்யணும்?
சான்றிதழ் மட்டும் போதாது. விண்ணப்பிக்கும் முன், அது ஆகமக் கோயிலா, எந்த ஆகமம் என்பதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.