ஊவா–வெல்லசப் போர் (1817–1818): காரணங்களும் முடிவு பற்றிய சர்ச்சையும்

மடுல்சீமைத் தோட்டங்களுக்குக் கிழக்கே மலைகள் சரிந்து வெல்லசயாக விரிகின்றன. 'இலட்சம் வயல்' என அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அவ்வயல்களுக்கு நேர்ந்த கதியை அறியாது ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை எழுதவியலாது என்பது எமது கருத்தாகும்.

1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் கண்டி இராச்சியத்தின் அயலவராயினர். 1803ஆம் ஆண்டுப் படையெடுப்பில் தோல்வியுற்ற அவர்கள், 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை வாயிலாக, கண்டிப் பிரதானிகளின் இணக்கத்துடனேயே அவ்விராச்சியத்தைப் பெற்றனர். ஆயின் மூன்றாண்டு நிறைவதற்குள் போர் மூண்டது.

வெல்லச முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பாரை முகாந்திரமாக நியமித்து, அவர்களை மில்லவ திசாவையின் அதிகாரத்தினின்றும் பிரித்தமையே காரணமெனக் கூறுவாருளர். இதைக்கொண்டு அப்போரை இனப்பகைமையின் விளைவாகக் காட்டுதல் பொருந்தாது. பிரதானிகள் தம் சலுகைகள் சுருங்குவதைக் கண்டனர். மக்களோ தம்மிடை வீற்றிருக்கும் அரசனொருவனை இழந்திருந்தனர். கிளர்ச்சியின் தலைமைக்கு வந்தவன், நாடுகடத்தப்பட்ட நாயக்க மன்னனின் உறவினனான துரைசாமி எனத் தன்னைக் கூறிக்கொண்டவன் என்பது ஈண்டு நோக்கற்பாலது. தென்னிந்திய வழியினன் எனக் கூறிக்கொண்டமை அவன்பின் திரண்ட சிங்கள விவசாயிகளுக்குத் தடையாயிருக்கவில்லை.

1817இல், பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சியாளருடன் இணைந்தார். தேசாதிபதி பிரவுன்றிக் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். சென்னையிலிருந்தும் படைகள் தருவிக்கப்பட்டன. வீடுகளும் தானியமும் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிப்பொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

முடிவு யாது? பிரித்தானியர் தரப்பில் ஏறத்தாழ 1,000 பேரும், கண்டியர் தரப்பில் 10,000 பேரும் மாண்டிருக்கலாம் என்பது படை மருத்துவர் ஜோன் டேவியின் மதிப்பீடு. குடியேற்ற ஆட்சியாளர் இதனை அடக்கப்பட்ட கலகமென்றனர். தேசியவாதிகள் முதலாவது விடுதலைப் போரென்றனர். கிளர்ச்சித் தலைவர் 19 பேரைத் துரோகிகளாக்கிய அறிவித்தல் 2016இல் இலங்கை அரசினால் நீக்கப்பட்டது. பட்டம் மாறிற்று, ஆயின், போரின் பயனை எவர் துய்த்தனர் என்ற வினா எஞ்சியுள்ளது.

அதற்கான விடை, நிலத்தின் வரலாற்றில் உள்ளது. 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறுக்கிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. தோட்டங்கள் யாவும் பாழ்பட்ட வயல்களின் மீதே எழுந்தன என்பது தவறு. அவை பெரும்பாலும் காடுகளையும் சேனை நிலங்களையும் விழுங்கியே எழுந்தன. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தது இந்நிகழ்வுகளின் பின்னரேயாம். நிலத்தைப் பறித்தவரும் அவரல்லர். அதன் உரிமை பெற்றவரும் அவரல்லர். எனினும் கண்டி விவசாயியின் நிலத்தைக் கவர்ந்தவர் என்ற பழியை அவரே சுமந்தனர். 1948இல் குடியுரிமையையும் இழந்தனர்.

வெல்லசயின் விவசாயியும் மடுல்சீமையின் தொழிலாளியும் ஒரே ஆதிக்கத்தால் வெவ்வேறு காலங்களில் வஞ்சிக்கப்பட்டோராவர். அவ்விருவரையும் பகைவராக நிறுத்திய வரலாற்றெழுத்தை மீளாய்வு செய்தல் நம் கடனாகும்.