தாளிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து தாளுக்கு: ‘டிராகன் பால்’ தழுவல்களின் வரலாறு (1984–2025)

தழுவல்களை ஆராய்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, அது மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பது. அகிரா தோரியாமாவின் ‘டிராகன் பால்’ தொடரில் இந்தக் கேள்வி அதிக தூரம் போகாது. 1984இல் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கி, 1986இல் தொலைக்காட்சிக்கும் அதே ஆண்டில் வீடியோ கேமுக்கும் போன இந்தக் கதையில் மூலம் எது, தழுவல் எது என்ற கோடு பலமுறை இடம் மாறியிருக்கிறது. வாரத்துக்கு இத்தனை பக்கம், இத்தனை நிமிட ஒளிபரப்பு, கேட்ரிட்ஜில் இவ்வளவு நினைவகம் என்று ஒவ்வொரு ஊடகத்துக்கும் இருந்த நெருக்கடிதான் கதையின் உருவத்தைத் தீர்மானித்தது. அந்த நெருக்கடியில் பிறந்தவை பிறகு மூலத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டன. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

தபால் அட்டையும் மையும்

‘டாக்டர் ஸ்லம்ப்’ என்ற நகைச்சுவைத் தொடர் 1980 முதல் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வெளிவந்து தோரியாமாவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அவரோ அதை முடித்துவிடத் துடித்தார். படம் வரையும்போது ஜாக்கி சான் படங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. இதைக் கவனித்த பொறுப்பாசிரியர் கசுஹிகோ தோரிஷிமா, குங்ஃபூ கதை ஒன்றை வரைந்து பார்க்கச் சொன்னார். 1983இல் ‘டிராகன் பாய்’ என்ற சிறுகதை வந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பின் பலத்தில் 1984 நவம்பரில் ‘டிராகன் பால்’ தொடங்கியது.

எலும்புக்கூடு 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான ‘மேற்கு நோக்கிய பயணம்’. குரங்கு வீரன் சுன் வூகோங் இங்கே வால் முளைத்த சிறுவன் சோன் கோகு. பன்றி உருவத் தோழன் ஊலாங், மணல் பூதம் யாம்ச்சா. புனித நூல் தேடிப் போகும் துறவியின் இடத்தில் ஏழு மந்திரக் கோளங்களைத் தேடும் புல்மா என்ற பெண். அந்தத் துறவி, காஞ்சிபுரம் வந்ததாக நம் பாடநூல்கள் சொல்லும் அதே யுவான் சுவாங்கின் கற்பனை வடிவம். அவர் இடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பதினாறு வயதுப் பெண்ணை வைத்ததிலேயே தோரியாமாவின் குறும்பு தெரிகிறது.

ஆனால் தேடல் கதை நெடுநாள் நீடிக்கவில்லை. ஜம்ப் இதழில் வாசகர்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பு அட்டைதான் நீதிபதி. தொடர் வாழ்வதும் சாவதும் அதன் கையில். தொடக்கத்தில் டிராகன் பாலுக்கு ஆதரவு சரிந்தது. கதாநாயகனிடம் ஈர்ப்பு இல்லை என்று தோரிஷிமா சொன்னார். விளைவாக, வலிமை பெறுவதே கோகுவின் ஒரே குறிக்கோள் ஆனது. ஆமைத்துறவியிடம் பயிற்சியும் ‘தென்காஇச்சி’ தற்காப்புக்கலைப் போட்டியும் வந்தன. வாசகர்கள் திரும்பினார்கள். அன்றிலிருந்து கோளங்கள் ஒரு சாக்கு மட்டுமே, சண்டைதான் கதை.

வாரம் சுமார் 15 பக்கம், பெரும்பாலும் ஒரே ஓர் உதவியாளர். இந்த நிலையில் உழைப்பைக் குறைக்கத் தோரியாமா கண்டுபிடித்த வழிகளையே பிறகு உலகம் அவரது பாணி என்று கொண்டாடியது. நகரங்களை வரைவது அவருக்குச் சலிப்பு. அதனால் வீரர்கள் பொட்டல்காட்டில் மோதுகிறார்கள், அல்லது நகரம் முதலில் தரைமட்டமாகிறது. இன்னும் நுட்பமான உதாரணம் கோகுவின் தலைமுடி. கூர்கூராக நிற்கும் அந்தக் கறுப்பு முடிக்குக் கட்டத்துக்குக் கட்டம் மை நிரப்ப வேண்டும். உதவியாளரின் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. 1991இல் ஃப்ரீசா என்ற வில்லனுடனான போரில் கோகு ‘சூப்பர் சையன்’ ஆகும்போது முடி வெறும் வெள்ளைத்தாளாக விடப்பட்டது. மை தீட்டும் வேலை மிச்சம் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று தோரியாமாவே சொல்லியிருக்கிறார். வண்ணத்தில் அதே முடி தங்கமாக ஒளிர்ந்தது. கறுப்பு வெள்ளையில் மை இல்லாமை, திரையில் பொன். இத்தொடரின் மிகப் புகழ்பெற்ற உருவத்தில் இப்படி ஒரு பட்டறைச் சிக்கனம் ஒளிந்திருக்கிறது.

பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்த பிறகும் தோரிஷிமா தொலைபேசியில் தலையிட்டார். எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் எச்சரித்திருந்த கொடிய எந்திர மனிதர்கள் ஒரு கிழவனும் ஒரு குண்டனுமாக வந்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை. மாற்றாக 17, 18 என்ற இளைஞனும் பெண்ணும் வந்தார்கள். அவர்களும் தேறவில்லை. பிறகுதான் ‘செல்’ என்ற அரக்கன் வந்தான். அவனது முதல் வடிவத்தைப் புதிய ஆசிரியர் யூ கொண்டோ அழகில்லை என்றார். வடிவம் மாறிக்கொண்டே போனது. கதைக்குள் இது பரிணாம வளர்ச்சி என்று விளக்கப்படுகிறது. 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகளுடன் மங்கா 1995இல் முடிந்தது.

ஐந்து நிமிடம் என்பது பத்து வாரம்

1986 பிப்ரவரி 26 அன்று ஃபூஜி டிவியில், ‘டாக்டர் ஸ்லம்ப்’ அனிமே (அசைபடத் தொடர்) ஓடிக்கொண்டிருந்த அதே புதன்கிழமை மாலை நேரத்தில், டோயெய் அனிமேஷனின் ‘டிராகன் பால்’ தொடங்கியது. நேரம் மட்டுமல்ல, பழைய தொடரின் குழந்தைத்தனமான தொனியும் கூடவே வந்துவிட்டது என்பது தோரிஷிமாவின் குறை. பார்வையாளர் எண்ணிக்கை சரியத் தொடங்கியதும் அவர் தயாரிப்புப் பொறுப்பில் மாற்றம் கேட்டார். ‘செயின்ட் செய்யா’வில் பணியாற்றிய இயக்குநர் கோஸோ மோரிஷிதாவும் எழுத்தாளர் தகாவோ கோயாமாவும் வந்தனர். 153 எபிசோடுகளோடு முதல் தொடர் முடிந்து, 1989 ஏப்ரலில் ‘டிராகன் பால் ஸீ’ பிறந்தது. ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தை வைக்கச் சொன்னவர் தோரியாமா. கதை முடியப்போகிறது என்ற நம்பிக்கை அவருக்கு. அந்தத் தொடர் 291 எபிசோடுகள் ஓடி 1996 ஜனவரியில்தான் ஓய்ந்தது.

மங்கா நடந்துகொண்டிருக்கும்போதே அனிமே ஓடினால், வாரம் ஓர் அத்தியாயத்தை எடுத்து அரைமணி நேரத்தை நிரப்ப வேண்டும். பதினைந்து பக்கத்தைச் சுறுசுறுப்பாகப் படமாக்கினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே வீரர்கள் முறைத்தார்கள், உறுமினார்கள், மேகங்கள் நகர்ந்தன. நமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீசா அறிவித்த பிறகு அது வெடிக்கச் சுமார் பத்து எபிசோடுகள் ஆயின. ரசிகர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனினும் அந்தக் காத்திருப்பே வாரம் முழுக்க அதைப் பற்றிப் பேசவைத்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2009இல், ஸீயின் இருபதாம் ஆண்டையொட்டி, இட்டு நிரப்பிய ஃபில்லர் காட்சிகளை வெட்டி ‘கை’ என்ற பதிப்பை டோயெய் வெளியிட்டபோது முதல் 194 எபிசோடுகள் நூறுக்கும் குறைவாகச் சுருங்கின. வேகம் கூடியது உண்மைதான். ஆனால் கோகுவும் அவன் தோழன் பிக்கோலோவும் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் எபிசோடு போன்ற, மங்காவில் இல்லாத இனிய இடங்களும் காணாமல் போயின. ஃபில்லர் என்றாலே குப்பை என்று எழுதித் தள்ளுவது அவசரத் தீர்ப்பு.

இப்படி இட்டு நிரப்பும் தேவையே மூலத்தை மாற்றிய முதல் சான்று 1990 அக்டோபரில் வந்த தொலைக்காட்சிச் சிறப்புப் படம். கோகுவின் தந்தை பார்டாக் அதன் நாயகன். கடைநிலைப் போர்வீரன் ஒருவன், தன் சையன் இனத்தை அழிக்க வரும் ஃப்ரீசாவைத் தனியாக எதிர்த்து மடிகிறான். கதை டோயெய் குழுவினுடையது, தோரியாமா எழுதியதல்ல. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நமெக் போரில் கோகுவின் முகத்தைப் பார்க்கும் ஃப்ரீசா, முன்பு பார்த்த ஒரு சையன் வீரனை நினைவுகூரும் கட்டத்தில் பார்டாக்கையே வரைந்துவிட்டார். தழுவலின் பாத்திரம் மூலத்தின் பக்கத்தில் ஏறியது அப்போதுதான்.

கட்டுப்பாட்டுக் கருவியில் கோகு

கேம்களின் வரலாறு அடக்கமாகவே தொடங்கியது. பண்டாய் நிறுவனம் 1986 நவம்பரில் ஃபாமிகாம் என்ற கேம் இயந்திரத்துக்கு வெளியிட்ட ‘ஷென்ரோன் நோ நாசோ’ பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. விளையாட்டாக அது சுமார்தான். தொடரை அறியாத அமெரிக்காவுக்கு 1988இல் ‘டிராகன் பவர்’ என்ற பெயரில் போனபோது கோகுவின் முகம் மாற்றி வரையப்பட்டது. ஆமைத்துறவி கேட்கும் பெண்ணின் உள்ளாடை சாண்ட்விச் ஆனது.

அடுத்து வந்தவை சுவாரசியமானவை. மின்னல் வேகத்தில் பறந்து மோதும் சண்டையை ஃபாமிகாம் இயந்திரத்தில் காட்டுவது கடினம். 1988இன் ‘தாய்மாவோ ஃபுக்கட்சு’ தொடங்கி பண்டாய் வேறு வழி பிடித்தது: சீட்டுகள். மேல் மூலையில் கோளமும் அதில் நட்சத்திரங்களும் தாக்கும் வலிமை, கீழே உள்ள எண் தற்காப்பு. ஆட்டக்காரர் சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் மோதல் ஒரு சிறு அசைபடமாக ஓடும். அதே காலத்தில் பண்டாய், 20 யென் காசு போட்டால் சீட்டு தரும் ‘கார்ட்டாஸ்’ இயந்திரங்களையும் பரப்பிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வியாபாரப் புத்தியில் முளைத்தவை என்பது என் கணிப்பு.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சண்டை விளையாட்டுகளின் இலக்கணத்தை எழுதிய பின், 1993 மார்ச்சில் சூப்பர் ஃபாமிகாமுக்கு ‘சூப்பர் புதோதென்’ வந்தது. இருவரும் விலகிப் பறந்தால் திரை நடுவே கோடு விழுந்து இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதியில் கோகு, மறுபாதியில் எதிரி. தூரத்தைக் காட்டும் மங்காவின் கட்டப்பிரிவை, விளையாட்டு இங்கே தன் இலக்கணமாக மாற்றிக்கொண்டது. டிராகன் பால் கேம்களில் முதல் உண்மையான கண்டுபிடிப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

ஸீக்குப் பின் வந்த ‘டிராகன் பால் ஜிடி’ தொடர் 1997 நவம்பரில் முடிந்தபின் 2013 வரை புதிய அனிமே திரைப்படமோ புதிய கதைகொண்ட தொலைக்காட்சித் தொடரோ கிடையாது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தொடரை உயிரோடு வைத்திருந்ததில் கேம்களின் பங்கு பெரிது. டிம்ப்ஸ் நிறுவனத்தின் ‘புடோகாய்’ (2002), ஸ்பைக் உருவாக்கிய ‘ஸ்பார்க்கிங்!’ வரிசை (2005 முதல்) ஆகியவை திரைப்பட வில்லன்கள், சிறப்புப் பட நாயகர்கள், ஜிடி வடிவங்கள் எல்லோரையும் ஒரே தேர்வுத் திரையில் நிறுத்தின. 2007இன் மூன்றாம் பாகத்தில், வடிவங்களையும் சேர்த்து, 160க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அந்தத் திரையில் மூலத்தைச் சேர்ந்தவன், சேராதவன் என்ற பாகுபாடே இல்லை.

ஒரு தோல்விப் படம் செய்த உபகாரம்

2009இல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ ‘டிராகன்பால் எவல்யூஷன்’ என்ற நடிகர்கள் நடித்த படத்தை வெளியிட்டது. கோகு அமெரிக்கப் பள்ளி மாணவன் ஆனான். திரைக்கதை பார்த்துத் தோரியாமா சொன்ன திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. டிராகன் பால் என்று சொல்ல முடியாத படம் என்று பின்னர் அவரே கூறினார். தனக்குக் கடந்தகாலம் ஆகிவிட்டதாக நினைத்த கதைமீது இன்னும் எவ்வளவு பற்று இருக்கிறது என்பதை அந்தக் கோபம்தான் அவருக்கு உணர்த்தியது. 2013இன் ‘பேட்டில் ஆஃப் காட்ஸ்’ திரைக்கதையில் அவர் நேரடியாக இறங்கினார். 2015இல் ‘டிராகன் பால் சூப்பர்’ தொடர் வந்தது. 2018 மார்ச்சில் அதன் இறுதி எபிசோடுகளுக்காக மெக்சிகோவின் நகரச் சதுக்கங்களில் கூட்டம் திரண்டது.

இந்தக் காலத்தில்தான் திசைமாற்றம் முழுமை பெறுகிறது. சூப்பர் மங்காவைத் தோரியாமாவின் கதைச்சுருக்கத்திலிருந்து வரைந்தவர் டொயொட்டாரோ. அதற்குமுன் அவர் வரைந்தது, ‘டிராகன் பால் ஹீரோஸ்’ என்ற ஆர்கேட் சீட்டு விளையாட்டை ஒட்டிய மங்கா. இரண்டையும் வெளியிட்ட ‘வீ ஜம்ப்’, தோரிஷிமா முதல் ஆசிரியராக இருந்து வளர்த்த, வீடியோ கேம்களை மையமாகக் கொண்ட இதழ். கதையின் வாரிசு கேம் வாசல் வழியாகவே உள்ளே வந்தார்.

ப்ரோலி இன்னொரு சான்று. 1993 திரைப்படத்துக்காகக் கோயாமா எழுதிய வில்லன் அவன். உருவத்தை மட்டும் தோரியாமா வரைந்து கொடுத்தார், பிறகு மறந்தும் போனார். கேம்கள் அவனைக் கால் நூற்றாண்டு சண்டையிட வைத்தன. அவனுக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இன்னும் ரசிகர்கள் இருப்பதை ஆசிரியர் எடுத்துச் சொன்னபின், தோரியாமாவே எழுதிய ‘டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி’ 2018 டிசம்பரில் வந்தது. பழைய வெறியன் இப்போது தந்தையின் பேராசைக்குப் பலியான அப்பாவி. அதே ஆண்டு ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் உருவாக்கிய ‘ஃபைட்டர்ஸீ’, முப்பரிமாண உருவங்களைத் தட்டையான ஓவியம்போல் தீட்டி, குறிப்பிட்ட முடிவுத் தாக்குதல்களில் பழைய காட்சிகளின் கோணங்களையே மீட்டெடுத்தது.

தோரியாமா 2024 மார்ச் 1 அன்று, 68 வயதில் மறைந்தார். அவர் கதையும் வடிவமைப்பும் தந்த ‘டைமா’ தொடர் அந்த அக்டோபரில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் அதன் இறுதிப் பகுதியில் கோகு ‘சூப்பர் சையன் 4’ ஆகிறான். ஜிடிக்காக டோயெய் ஓவியர் கட்சுயோஷி நகட்சுரு உருவாக்கிய வடிவம் அது. மங்காவில் ஒருபோதும் இல்லாதது, கேம்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிரந்தர உறுப்பினர். ஜிடியில் கறுப்பாக இருந்த அந்தத் தலைமுடி டைமாவில் சிவப்பு.