30 ஹெர்ட்ஸ் மர்மம்: ஒரு மானிட்டர் கேபிளின் வரலாறு

போன தீபாவளிக்கு எனக்கு நானே ஒரு பரிசு வாங்கிக்கிட்டேன். 27 அங்குல 4கே மானிட்டர். ரெண்டு வருஷம் லேப்டாப் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு கோட் எழுதி, கழுத்து வலி வந்து, பிசியோதெரபிஸ்ட் திட்டினதுக்கு அப்புறம் வாங்கினது. பெட்டியைப் பிரிச்சு, லேப்டாப்ல ஒரு யூஎஸ்பி-சி ஹப்பைச் செருகி, அதுலேர்ந்து ஹெச்டிஎம்ஐ கேபிளை மானிட்டருக்குக் கொடுத்தேன். படம் வந்துச்சு. எழுத்தெல்லாம் அச்சடிச்ச புத்தகம் மாதிரி இருக்கு. ஆனா மவுஸை நகர்த்தினா கர்சர் திக்கித் திக்கிப் போகுது. செட்டிங்ஸ்ல பார்த்தா 30 ஹெர்ட்ஸ். 60-ங்கிற ஆப்ஷனே அங்க இல்லை.

கேபிளை மாத்தினேன். விலை கூடின கேபிள் ஒண்ணு, அதைவிட விலை கூடினது இன்னொண்ணு. ஒரு மாற்றமும் இல்லை. மானிட்டர்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணி, திருப்பி அனுப்பப் பெட்டியில வச்சு டேப் கூட ஒட்டிட்டேன். நான் படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிற வேலை சாஃப்ட்வேர். எனக்கே இந்த நிலைமைன்னா, மத்தவங்க என்ன செய்வாங்க? அந்தக் கோபத்துல தோண்ட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஒரு கணக்கு

4கே-ன்னா 3840 பெருக்கல் 2160. ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 24 பிட் நிறம். இதை ஒரு நொடிக்கு 60 தடவை அனுப்பணும்னா, நொடிக்குச் சுமார் 12 கிகாபிட். 30 தடவைன்னா அதுல பாதி, 6 கிகாபிட். இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

நீலக் கலர் போர்ட்

1987-ல ஐபிஎம் தன்னோட பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோட விஜிஏ-வைக் கொண்டு வந்தது. 15 பின், ரெண்டு பக்கமும் திருகு. என் காலேஜ் செமினார் ஹால்ல ப்ரொஜெக்டருக்கு அந்த நீலக் கேபிள்தான். ஒரு பின் வளைஞ்சா ஸ்லைடு முழுக்க மஞ்சள் பூசின மாதிரி வரும். ஏன்னா சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனிக் கம்பியில மின்னழுத்தமாப் போகுது. நீலக் கம்பி தொடர்பு விட்டா, மிச்ச ரெண்டும் சேர்ந்து மஞ்சள்.

கண்ணாடிக் குழாய் மானிட்டர் காலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. எல்சிடி வந்ததும் வேடிக்கையாயிடுச்சு. கம்ப்யூட்டருக்குள்ள டிஜிட்டலா இருக்கிற படத்தை அனலாக்கா மாத்தி அனுப்புறோம், எல்சிடி அதை வாங்கித் திரும்ப டிஜிட்டலா மாத்துது. ரெண்டு மொழிபெயர்ப்பு, ரெண்டு தடவை இழப்பு.

இதுக்குத் தீர்வா 1999-ல வந்தது டிவிஐ. இன்டெல், ஐபிஎம், காம்பாக், ஹெச்பி மாதிரி நிறுவனங்கள் சேர்ந்து போட்ட விதி. ஒரு இணைப்பு 1920 பெருக்கல் 1200 வரைக்கும் 60 ஹெர்ட்ஸ்ல கொண்டு போகும். அதுக்கு மேல வேணும்னா டூயல் லிங்க், அதாவது கூடுதல் பின்கள். சிங்கிள் லிங்க் கேபிளோட முனையைப் பார்த்தா நடுவுல ஆறு பின் இருக்காது. டூயல் லிங்க்ல இருக்கும். கேபிளைக் கையில எடுத்து எண்ணினாலே அதோட தகுதி தெரிஞ்சிடும். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கு. ஆனா நாம பின்னாடி எதை இழந்தோம்னா, இதைத்தான்.

காலத்துக்கு முந்திப் பிறந்த மானிட்டர்

2001-ல ஐபிஎம் டி220-ன்னு ஒரு மானிட்டரை வெளியிட்டது. 22.2 அங்குலம், 3840 பெருக்கல் 2400. ஆமா, இன்னைக்கு நம்ம மேசையில இருக்கிற 4கே-வைவிடக் கொஞ்சம் அதிகம், 2001-லயே! விலை சுமார் 22,000 டாலர். மருத்துவப் படங்கள், அறிவியல் ஆய்வுன்னு இருக்கிறவங்களுக்கானது.

திரை தயார். ஆனா அவ்வளவு பிக்சலைச் சுமக்கிற கேபிள் உலகத்துலயே கிடையாது. அதனால படத்தை நாலாப் பிரிச்சு நாலு டிவிஐ இணைப்பு வழியா அனுப்பினாங்க. அப்படியும் கிடைச்சது 41 ஹெர்ட்ஸ்தான். இந்த வரலாறு முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப வருது. திரை முன்னாடி ஓடும், கேபிள் மூச்சு வாங்கிக்கிட்டுப் பின்னாடி வரும்.

2004-ல ஆப்பிள் 30 அங்குல சினிமா டிஸ்ப்ளேவை விட்டது. 2560 பெருக்கல் 1600, விலை 3,299 டாலர். அதுக்கு டூயல் லிங்க் கட்டாயம். மேசைக் கம்ப்யூட்டருக்கே தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும். அடுத்த வருஷம் வந்த பவர்புக் மாடல்கள்லதான் லேப்டாப்புக்கு அந்த வசதி கிடைச்சது.

ரெண்டு வீட்டுப் பிள்ளைகள்

இங்க பாதை ரெண்டாப் பிரியுது. 2002 கடைசியில சோனி, பிலிப்ஸ், தோஷிபா மாதிரி டிவி நிறுவனங்கள் சேர்ந்து ஹெச்டிஎம்ஐ-யை உருவாக்கினாங்க. அடிப்படையில டிவிஐ-யோட அதே சிக்னல்தான், கூடவே ஆடியோ. இது டிவி வீட்டுப் பிள்ளை. கம்ப்யூட்டர் வீட்டுப் பிள்ளை 2006-ல வீசா அமைப்பு கொண்டு வந்த டிஸ்ப்ளேபோர்ட். (பாஸ்போர்ட்ல குத்துற விசா இல்லை, மானிட்டர்களுக்குத் தரநிலை போடுற அமைப்பு.) டிஸ்ப்ளேபோர்ட் பிக்சலை நெட்வொர்க் மாதிரி பாக்கெட்டா அனுப்புது. ரோட்டுல லேன் இருக்கிற மாதிரி ஒண்ணு, ரெண்டு, இல்லேன்னா நாலு லேன்.

வளர்ப்பு எப்படியோ குணம் அப்படி. 2009-ல வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 4கே-வைச் சுமந்தது, ஆனா 30 ஹெர்ட்ஸ்ல. டிவிக்காரங்களுக்கு அது போதும், சினிமாவே நொடிக்கு 24 பிரேம்தானே! மவுஸ் கர்சரைப் பத்தி அங்க யாரும் கவலைப்படலை. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 மறு வருஷமே நாலு லேன்ல 17.28 கிகாபிட் கொடுத்துச்சு. 4கே-வுக்கு 60 ஹெர்ட்ஸ் தாராளமா வரும். ஹெச்டிஎம்ஐ அந்த இடத்துக்கு வர 2013 ஆச்சு.

கேபிள் தயாரானா மட்டும் போதாது. 2013-ல வந்த ஏசுஸ் பிக்யூ321 மாதிரி முதல் 4கே மானிட்டர்கள், 60 ஹெர்ட்ஸ்ல ஓடணும்னா ஒரே கேபிளுக்குள்ள ரெண்டு அரைத் திரையா நடிச்சுச்சு. கம்ப்யூட்டருக்கு அது பக்கத்துப் பக்கத்துல நிற்கிற ரெண்டு மானிட்டர். பிறகு வந்த டெல்லோட 5கே மானிட்டருக்கு நிஜமாவே ரெண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் செருகணும். டி220-யோட பழைய தந்திரம்தான்.

எல்லாத்துக்கும் ஒரே போர்ட்

2014-ல யூஎஸ்பி-சி வந்தது. அதே வருஷம் வீசா அமைப்பும் அதுக்குள்ள டிஸ்ப்ளேபோர்ட்டை அனுப்புற வழியை அறிவிச்சது. 2015-ல தண்டர்போல்ட் 3-ம் அதே போர்ட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துச்சு, 40 கிகாபிட்டோட. சார்ஜ், டேட்டா, படம் எல்லாம் ஒரே கேபிள். கனவு நனவாயிடுச்சுன்னு எல்லாரும் கொண்டாடினோம்.

இப்ப என் மர்மத்துக்கு வருவோம். யூஎஸ்பி-சி-யில வேகமான லேன் நாலு. நாலையும் படத்துக்கே கொடுக்கலாம். இல்லேன்னா ரெண்டைப் படத்துக்கும் ரெண்டை யூஎஸ்பி 3 டேட்டாவுக்கும் பங்கு பிரிக்கலாம். என் ஹப்ல பென் டிரைவ் செருக வேகமான யூஎஸ்பி போர்ட் இருக்கு. அதனால அது பங்கு பிரிச்சுடுச்சு. என் லேப்டாப்ல இருக்கிறது டிஸ்ப்ளேபோர்ட் 1.2. அதுல ரெண்டு லேன்னா 8.64 கிகாபிட்.

முதல்ல போட்ட கணக்கைப் பாருங்க. 60 ஹெர்ட்ஸுக்கு 12 வேணும், கிடைக்காது. 30 ஹெர்ட்ஸுக்கு 6 போதும், கிடைக்கும். அவ்வளவுதான் மர்மம். மானிட்டர்ல கோளாறு இல்லை, மூணு கேபிள்லயும் கோளாறு இல்லை. பெட்டியில ஒட்டின டேப்பைக் கிழிச்சேன். ஹப்பை ஓரங்கட்டிட்டு, யூஎஸ்பி-சி-யிலேர்ந்து நேரா டிஸ்ப்ளேபோர்ட் போற ஒரு கேபிள் வாங்கினேன். 60 வந்துச்சு.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்

சந்தோஷம்தான். ஆனா கோபம் மட்டும் போகலை. அந்த ஹப் பெட்டியில பெருசா "4கே" ன்னு போட்டிருந்துச்சு. பொய் இல்லை. எத்தனை ஹெர்ட்ஸ்னு சொல்லலை, அவ்வளவுதான்.

டிவிஐ காலத்துல பின்னை எண்ணித் தெரிஞ்சுக்கிட்டதை, யூஎஸ்பி-சி காலத்துல பார்த்துச் சொல்லவே முடியாது. வெறும் சார்ஜ் கேபிளும், 40 கிகாபிட் கேபிளும் முனையில ஒரே உருவம். ஹெச்டிஎம்ஐ-யிலும் இதே கதை. 2017-ல வந்த 2.1 48 கிகாபிட் வரைக்கும் போகும். ஆனா அதோட புது வசதிகள் எதுவும் கட்டாயம் இல்லை. 2.0-ன்னு தனியா ஒண்ணு இனி கிடையாது, அது 2.1-க்குள்ளேயே அடக்கம்னு உரிமத்தை நிர்வகிக்கிற அமைப்பே சொல்லிடுச்சு. அதாவது பழைய திறனோட வர்ற டிவி கூட "2.1" ன்னு போட்டுக்கலாம்.

குழப்பம் ஒழியலை. வெளியே இருந்தது உள்ளே போயிடுச்சு. முன்னாடி தப்பான கேபிள்னா போர்ட்லயே நுழையாது, கடைக்காரர்கிட்ட காட்டி மாத்திக்கலாம். இப்ப நுழையும், படமும் வரும். என்ன குறையுதுன்னுதான் தெரியாது. குறை நம்மகிட்டன்னு நினைச்சுக்குவோம். நல்லா இருக்கிற மானிட்டரைத் திருப்பி அனுப்புவோம்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி பெட்டியில "4கே" ன்னு இருக்கான்னு பார்க்காதீங்க, "4கே, 60 ஹெர்ட்ஸ்" ன்னு சேர்த்து இருக்கான்னு பாருங்க. ஹெச்டிஎம்ஐ கேபிள்ல பதிப்பு எண்ணை விட்டுடுங்க, "அல்ட்ரா ஹை ஸ்பீட்" ங்கிற சான்று லேபிளைத் தேடுங்க. லேப்டாப் வாங்கும்போது யூஎஸ்பி-சி போர்ட் எத்தனைன்னு கேட்கிறதோட நிறுத்தாம, அதுல படம் வருமா, எந்த டிஸ்ப்ளேபோர்ட் பதிப்புன்னும் கேளுங்க. கடையில முறைப்பாங்க. பரவாயில்லை, கேளுங்க.

என் மேசை டிராயர்ல ஒரு தப்பும் செய்யாத மூணு ஹெச்டிஎம்ஐ கேபிள் இன்னும் சுருண்டு கிடக்கு. உங்க டிராயர்ல எத்தனை இருக்குன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.