சவர நூலும் சாணைக் கல்லும்

தொழில் மருமத்தை ஏட்டிலெழுதிப் பிறர்க்கு ஈயின் அத்தொழிலாளர் கெடுவரோ? இவ்வினாவிற்குப் பிரெஞ்சு நாட்டு வரலாறொன்று விடை பகர்கின்றது. பாரிசு மாநகரிற் கத்தி செய்யும் ஆசானாயிருந்த ழான் ழாக் பெரே என்பார், தம் முகத்தைத் தாமே மழிக்குங் கலையைக் கற்பிக்கும் நூலொன்றை 1769-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தீட்டுங் கற்களை அறியும் வகையும், தோல்வாரைப் பதமாக்கும் முறையும் அந்நூலின் நெடும் பெயரிலேயே சொல்லப்பட்டுள.

ஆயினும் ஏடு கூறுவதைக் கை கற்க நாட்செல்லும். கல்லிலே, கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே படிய, வாய் முன்னாகச் செலுத்தல் வேண்டும். வாரிலோ முதுகு முன்னாக இழுத்தல் வேண்டும். மாறின் வாரும் அறும், வாயும் மழுங்கும். எம் பாட்டனாரின் அடைப்பத்திலிருந்த கல்லையும் வாரையுங் கொண்டு யாமும் ஒருநாள் முயன்றோம். இலக்கணம் படிந்த கைக்குத் தீட்டல் படியவில்லை; வாரைத்தான் அறுத்தோம்.

பெரேயின் நூல் வெளிவந்து 130 ஆண்டிற்கு மேலாகியுங் கல் தன் இடத்தை விடவில்லை. தீட்ட வேண்டாத மெல்லிய தகடு வந்த பின்னரே விட்டது. அமெரிக்காவில் ஜில்லெட் என்பார் கொணர்ந்த தகட்டுக் கத்தி 1903-இல் 51 மட்டுமே விற்றது. மறு ஆண்டில் 90,000-க்கு மேல். இன்று நம்மவர் கடைகளிலும் அரைத் தகடு செருகிய கத்தியே வழங்குகின்றது. பாட்டனாரின் கல், நடுவே குழிந்து, எம் வீட்டுப் பலகணியிற் கிடக்கின்றது.