தமிழிசை விழாவும் பழம் பாடல்களின் மீட்சியும்: மொழிநோக்கில் ஒரு வரலாறு

கச்சேரியின் பிற்பகுதியில் பாடப்பெறும் சிறு உருப்படிகளைத் 'துக்கடா' என்பது இசைவாணர் வழக்கு. துண்டு எனப் பொருள்படும் வடபுலச் சொல்லொன்றின் வழியே வந்த இச்சொல், 1930-களில் சென்னைக் கச்சேரி மேடையில் தமிழுக்கு அளிக்கப்பட்டிருந்த இடத்தையும் ஒருவாறு குறித்தது எனலாம். விரிவான ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம் ஆகியன தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளைச் சூழ்ந்து நிகழும். தனி ஆவர்த்தனம் முடிந்து, கேட்போரிற் சிலர் எழுந்து செல்லத் தொடங்கும் வேளையிலேயே தமிழ்ப் பாடல் வரும். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் முதலியோரின் பாடல்கள் அந்த இடத்திற்கும் அரிதாகவே வந்தன. அவை ஏட்டிலும் மலிவுப் பதிப்புகளிலும் சொற்களாக உறங்கின.

இந்நிலையை மாற்றுவதற்கெனவே ஓர் இசைவிழா தோன்றியது. 1941-இல் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அதன் முதல் விழாவும் நிகழ்ந்தது. ஆர். கே. சண்முகம் செட்டியார், இராசாசி, கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் இம்முயற்சிக்குத் துணை நின்றனர். விழாவின் விதி எளிது: முதல் உருப்படியிலிருந்து இறுதி வரை தமிழ்ப் பாடல்களே பாடப்பெற வேண்டும். எளிய இவ்விதி எழுப்பிய பூசலோ பெரிது. 1928 முதல் இயங்கிவந்த மியூசிக் அகாடமியின் தரப்பினர், மொழியை முன்னிறுத்துவதால் இசையின் தரம் தாழ்ந்துவிடும் என அஞ்சினர். தரமுடைய பாடல்கள் தமிழில் போதிய அளவு உளவா என்பதே அவர்தம் வினா. இல்லாதவற்றை இயற்றவும் இருப்பவற்றைத் தேடவும் வேண்டும் என்பது மறுதரப்பின் விடை. இப்பூசலின் அரசியற் கூறுகள் பலராலும் எழுதப்பட்டுள்ளன. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய கூறுகள் அத்துணைக் கவனம் பெறவில்லை.

ஈற்றெழுத்து வாதம்

தெலுங்குச் சொற்கள் உயிரீற்றில் முடிவதால் இசைக்கு இசைந்தவை; தமிழ்ச் சொற்கள் மெய்யீற்றில் முடிவதால் குரலைத் தடுப்பவை. இவ்வாதம் அக்காலத்தில் பரவலாக எடுத்தாளப்பட்டது, இன்றும் கேட்கப்படுவது. இதற்கு இலக்கணத்திலேயே விடை உண்டு. தொல்காப்பியம் மொழிக்கு ஈறாகும் மெய்களாக ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் எனப் பதினொன்றைக் கூறும். இவற்றுள் ஒன்றேனும் வல்லினம் அன்று. யாவும் மெல்லினமும் இடையினமுமே. ஞகரம், நகரம், வகரம் ஆகியவற்றில் முடியும் சொற்கள் மிகச் சில என்பதால் அவற்றை விலக்கினால், எஞ்சுவன மூச்சை முற்றிலும் அடைக்காமல் நாதத்தை நீட்டத்தக்க ஒலிகளே. வல்லின மெய் ஈற்றில் நிற்க நேரின் குற்றியலுகரம் வந்து அதனைத் தாங்கும். ஆதலின் 'தமிழ் குரலைத் தடுக்கும்' என்ற வாதம் ஒலியியல் நோக்கில் நிற்பதன்று.

எனினும் ஒரு மெய்யான இடர்ப்பாடு உண்டு. அரை மாத்திரை அளவினதாகிய குற்றியலுகரத்தைப் பாடகர் பல அட்சரங்களுக்கு நீட்டும்போது அது குற்றியலுகரமாக இராது; முற்றியலுகரமாகவும் ஊகாரமாகவும் ஒலிக்கும். தாளக்கட்டு சொல்லின் நடுவில் விழுந்தால் 'தாமரை' என்னும் சொல் 'தா' எனவும் 'மரை' எனவும் பிளவுபட்டு, பூவைக் கூறவந்த இடத்தில் மானைக் கேட்பதாக முடியும். இத்தகைய பிளவு தெலுங்குப் பாடல்களிலும் நிகழ்ந்தே வந்தது. சென்னையில் அமர்ந்து கேட்ட தமிழர் பலர்க்கு அது பிழையாகப் படவில்லை. சொல் விளங்கினாலன்றோ அது சிதைந்ததும் விளங்கும்! தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பயின்ற பாடகர்க்கும் இதே நிலைதான். க, ச, ட, த, ப என்னும் எழுத்துகள் தத்தம் வருக்க ஒலிகள் அனைத்தையும் சுமக்க வேண்டியிருந்தன. இசைநூற் பதிப்பாளர் சிலர் எழுத்தின் மேல் 2, 3, 4 என எண்களை இட்டு அவற்றை வேறுபடுத்தினர். தமிழ் விழா பாடலின் சொல்லை அவையோரின் தீர்ப்புக்கு உட்படுத்தியது. பாடகர்க்கு இது புதியதொரு பொறுப்பு. பலர்க்கு உவப்பானதாகவும் இராத பொறுப்பு.

சொல் எஞ்சியது, மெட்டு மறைந்தது

மீட்கப்பட்டவை எனப்படும் பாடல்கள் யாவும் ஒரே நிலையில் இருந்தவையல்ல. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரப் பாடல்கள் கச்சேரி மேடையில் ஒதுங்கியிருந்தனவேயன்றி மக்களிடையே மறையவில்லை. கதாகாலட்சேபம், நாடகம், இசைத்தட்டு ஆகியவற்றின் வழியே அவை வாழ்ந்தன. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றியமை இதற்குச் சான்று. இவற்றைப் பொறுத்தவரை விழா செய்தது இடமாற்றம் மட்டுமே.

சீர்காழிப் பகுதியைச் சார்ந்த மூவரின் நிலை வேறு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பைத் தியாகராசருக்கு (1767–1847) முன்னரே கையாண்டவர்கள் இவர்கள். அருணாசலக் கவிராயர் (1711–1779), மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) ஆகிய இருவரும் ஒரே காலத்தவர். முத்துத்தாண்டவர் இவர்களுக்கு மிக முந்தியவர். மூவரையும் ஒரு தொகுதியாக்கித் 'தமிழிசை மூவர்' என வழங்குவது, திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு இணை தேடிய பிற்கால நோக்கின் விளைவேயாகும். பெயரிடுதலும் மீட்சியின் ஒரு கருவி என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவர்தம் பாடல்களுக்கு ஏடுகள் தருவன சொற்களும், தலைப்பில் இராக தாளப் பெயர்களும் மட்டுமே. மெட்டு செவிவழி வந்தது; செவிவழி அறுந்தபோது பெயர் மட்டும் எஞ்சியது. ஆகவே பாடலை மேடையேற்ற விரும்பியவர் புதிதாக மெட்டமைக்க வேண்டியிருந்தது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) இராம நாடகப் பாடல்களுக்கு அமைத்த மெட்டுகள் கச்சேரி மரபிலேயே நிலைத்துவிட்டன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுரதாளக் குறிப்புடன் வெளியிட்ட தமிழிசைப் பாடல் தொகுதிகள் இத்தகைய வடிவங்களை அச்சில் நிலைப்படுத்தின. மெட்டமைப்போர் ஏட்டிலுள்ள இராகத்தையே பின்பற்றினர் என்றும் சொல்வதற்கில்லை. மிதிலையின் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையை இராமன் கண்டு வியக்கும் புகழ்பெற்ற இராம நாடகப் பாடல் சாவேரிக்கு உரியதெனப் பழைய மரபு கூறும். இன்று அவையோர் அறிந்தது பைரவியையே.

இங்கு நிகழ்ந்தது ஒருவகை மொழிபெயர்ப்பே. மூலத்தின் ஒரு பாதி அழிந்தபின், எஞ்சிய பாதியைக் கொண்டு மற்றொருவர் முழுமையை அமைத்தார். ஆனால் மொழிபெயர்ப்பு நூலின் முகப்பில் பெயர்த்தவர் பெயரும் இருக்கும். கச்சேரி அறிவிப்பிலோ 'இயற்றியவர் அருணாசலக் கவிராயர்' என்பதோடு செய்தி முடிந்துவிடும். கேட்போர் பதினெட்டாம் நூற்றாண்டின் இசையைக் கேட்டதாக எண்ணி எழுவர். மெட்டமைத்தவர் பெயரை மறைப்பது அவர்க்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று. பழைய இசை எது, புதிய இசை எது என வரலாற்றாசிரியன் பிரித்தறியும் வழியையும் அது அடைத்துவிடுகிறது.

மற்றோர் இழப்பும் குறிக்கத்தக்கது. விழா மொழியை மாற்றியதேயன்றிக் கச்சேரியின் அமைப்பை மாற்றவில்லை. இராம நாடகப் பாடல் ஒரு கதைமாந்தர் கூற்று. முன்னும் பின்னும் விருத்தமும் பிற பாடல்களும் நின்று, கூறுவார் யார், கேட்பார் யார் என்பதைத் தெளிவுறுத்தும். கச்சேரியிலோ அது தனித்து நிற்கும். சரணங்கள் பலவாயினும் ஒன்றே பாடப்பெறும். மேற்கூறிய மிதிலைப் பாடலின் தொடக்கத்தில் உயர்வுச் சுட்டுப் பெயரே ஆளப்படுகிறது. தமிழில் அது ஆண், பெண் இரண்டற்கும் பொது. நாடகத்தில் இப்பொதுமையால் ஐயம் எழாது. தனிப்பாடலாகக் கேட்பவர் சீதை இராமனைப் பாடுவதாகக் கொள்ளினும் முதலடி அதனைத் தடுக்காது. இப்பாடலை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கப் புகுபவர் நாடக நூலைத் திறந்து பார்த்தாலன்றிப் பாலினைத் துணிதல் அரிது. பாடல் மீண்டது, அதன் சூழல் மீளவில்லை.

பண்ணும் இராகமும்

1949 முதல் சங்கம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. இது விழாவைவிட நிலைத்த பணி எனக் கருத இடமுண்டு. தேவாரத்தைப் பொறுத்தவரை செவிவழி முற்றும் அறவில்லை. கோயில்களில் ஓதுவார்கள் வழிவழியாகப் பாடிவந்தனர். ஆகவே இங்கு வேண்டியது புதிய மெட்டன்று. பழைய பெயர்க்கும் இன்றைய பெயர்க்கும் இடையே பொருத்தம் காண்பதே. நட்டபாடையை நாட்டையோடும், புறநீர்மையைப் பூபாளத்தோடும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியோடும், கௌசிகத்தைப் பைரவியோடும், செந்துருத்தியை மத்தியமாவதியோடும் பொருத்தும் வழக்கு ஓதுவார் மரபில் உண்டு. ஆய்வாளர் சுரங்களைக் கொண்டு இவற்றை உடன்பட்டும் மறுத்தும் விவாதித்தனர்.

பொருத்தப் பட்டியல் என்பது ஓர் இருமொழி அகராதி போன்றதே. அகராதியின் குறையும் அதற்கு உண்டு. மூலமொழியின் இரு சொற்கள் பெயர்ப்புமொழியில் ஒரு சொல்லாய் ஒடுங்குவது போல, தனித்தனிப் பெயருடைய பண்கள் ஓர் இராகத்தில் ஒடுங்குகின்றன. கொல்லியும் காந்தாரமும் நவரோசில் அடங்கும். தக்கராகமும் தக்கேசியும் காம்போதியில் அடங்கும். பதிகங்களைப் பண்முறையில் வகுத்தோர் இவற்றை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். சுர அளவிலா, நடையிலா, பாடும் பொழுதிலா அவ்வேறுபாடு என்பது பட்டியலால் விளங்குவதன்று. பதிப்புகள் இரு பெயர்களையும் இன்றும் தனித்தனியே அச்சிடுகின்றன. ஓதுவார் இரண்டையும் காம்போதியிலேயே பாடுகின்றனர்.